இந்த முறை சூட்கேஸில் சொக்லேட் குறைவு

வடமராட்சியில் இருக்கும் என் ஊர்ச் சனத்துக்கு,

ஸ்காபுறோவிலிருந்து எழுதுகிறேன். ஆடி விடுமுறைக்கு நாங்கள் நாலு பேரும் வருகிறோம். போன முறை போல சூட்கேஸ் நிறையச் சாமான் வராது. அதைக் கோவில் வீதியில் வைத்து ஆளுக்கொரு விதமாகக் கதைப்பதற்கு முதல் நானே சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

மூன்று வருசத்துக்கு முதல் வந்தபோது, சாமான் பங்கிட்டுக் கொடுத்த அன்று பின்னேரம் சின்ன மாமி வந்தார். முந்தானைக்குள் எதையோ மறைத்து வைத்திருந்தார். மேசையில் குவிந்து கிடந்த சொக்லேட்டையும் சென்ற் போத்தல்களையும் பார்த்தார், தேத்தண்ணி குடித்தார், எழும்பிப் போய்விட்டார். அடுத்த நாள் நெல்லியடியில் வாங்கிய பிளாஸ்ரிக் பொம்மை ஒன்றை என் மகளிடம் கொடுத்தார். முதல் நாள் முந்தானைக்குள் இருந்தது சாயம் போட்ட ஓலையில் மூடியோடு இழைத்த சின்னப் பெட்டி என்று, நாங்கள் ரொறன்ரோவுக்குத் திரும்பிய பிறகுதான் அம்மா சொன்னார். "கனடாப் பிள்ளைக்கு ஓலைப்பெட்டியை என்னெண்டு குடுக்கிறது" என்றாராம்.

அந்தப் பொம்மை இங்கே டொலர் கடையில் தொங்குகிற அதே பொம்மை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே பயணத்தில்தான் யாழ்ப்பாணத்தில் பனை அபிவிருத்திச் சபையின் கடைக்குப் போய், வேலையிடத்துச் சிநேகிதிகளுக்கென்று இரண்டு ஓலைப்பெட்டி காசு கொடுத்து வாங்கினேன். 1978இல் தொடங்கிய சபை. பொருள் நல்லது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடையில் நான் தேடி வாங்கியதை, என் சொந்த மாமி கொடுக்க வெட்கப்பட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். அந்த வெட்கம் எங்கள் ஏற்றுமதி. வருசக்கணக்காகப் பெட்டி பெட்டியாக அனுப்பி, பரிசென்றால் பளபளவென்று உறை போட்டதாக, வெளிநாட்டுச் சாமானாக இருக்க வேண்டும் என்று பழக்கிவிட்டோம்.

இங்கே எங்கள் சீவியம் உங்களுக்குத் தெரியும். நான் விடிய ஐந்தரைக்குத் தொழிற்சாலைக்கு வெளிக்கிடுவேன். இவர் இரவில் ட்ரக் ஓட்டுகிறார். இதற்குள் மார்கழியில் ஆசிரியைக்குப் பரிசு, மாசியில் காதலர் தினத்துக்கு வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை (ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஏன் காதலர் தினம் என்று கேட்காதீர்கள், நானும் கேட்டுக் களைத்துவிட்டேன்), இடையில் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பிறந்தநாள். வெள்ளி இரவு கடை பூட்டுவதற்கு முதல் ஓடி, கையில் அகப்பட்டதை வாங்கி வருவேன். பரிசுகளைக் கையால் செய்யத் தொடங்கியதும் காசு மிச்சம் பிடிக்கத்தான். பெரிய கொள்கை ஒன்றும் கிடையாது.

காணொளிகளில் "ஐந்து நிமிடக் கைவேலை" என்று காட்டுவார்களே, அதை நம்பி இரண்டு இரவு கெட்டது. மேசையில் ஒட்டிய பசை இன்னும் போகவில்லை. பிறகு ஒரு கணக்கு வைத்தேன். ரைஸ் குக்கரில் அரிசி போட்டு, அது 'டிக்' என்று நிற்பதற்குள் எங்கள் கை வேலை முடிந்துவிட வேண்டும். முடியாதது எங்களுக்கில்லை.

முதலில் கை வைத்தது கலியாண அழைப்பிதழ்களில். தடித்த அட்டை, பொன் நிற ஓரம், எறிய மனம் வராமல் ஒரு லாச்சி நிறையக் கிடந்தது. வெட்டித் துளை போட்டு நூல் கோத்தால் பரிசுப் பொதியில் கட்டும் பெயர்ச்சீட்டு. நீளமாக வெட்டினால் புத்தகத்துக்குள் வைக்கும் அட்டை. பிள்ளையார் இருக்கும் பக்கத்தில் மட்டும் கத்தரிக்கோல் போகவில்லை. இப்போது லாச்சியில் முப்பது நாற்பது பிள்ளையார்கள் தனியாக இருக்கிறார்கள். அவர்களை என்ன செய்வதென்று ஐயரைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது உப்பு மா. இரண்டு கப் கோதுமை மா, ஒரு கப் உப்பு, ஒரு கப் அளவில் தண்ணீர். ரொட்டிக்குக் குழைப்பது போலக் குழைத்துத் தட்டி, மகனின் கையை அதில் அமத்தி எடுத்து, ஓவனில் 250 பாகை பாரன்ஹைற்றில் மூன்று மணித்தியாலம் விட்டேன். கல் மாதிரி வந்தது. ஐப்பசியில் ஊருக்கு வந்த ஒருவரிடம் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். மாரி மழை தொடங்கி இரண்டாம் கிழமை அம்மா தொலைபேசியில் சொன்னார்: "பிள்ளையின்ர கை கரையுது." மாரியில் உப்புச் சாடி கசிகிற ஊரில் பிறந்தவள் நான். ஹீற்றர் ஓடும் வீட்டில் இருந்திருந்து அதுவும் மறந்துபோய்விட்டது. இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்திருந்தால் தப்பியிருக்கும். அம்மா அதை எறியவில்லை. அடுப்புக்கு மேலே, புகை படும் தட்டில், புளிச் சாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாராம். விரல் ஐந்தும் ஒன்றாகிவிட்டது, உள்ளங்கை மட்டும் தெரியுது என்றார்.

இனி ஓலைக்கு வருகிறேன். தை மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாகக் கொண்டாட வேண்டும் என்று கனடிய நாடாளுமன்றம் 2016இல் தீர்மானம் எடுத்தது. அதன்படி ஒரு தையில் பள்ளிக்கூடத்துக்கு வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவரச் சொன்னார்கள். மகள் கொண்டுபோனது, நீங்கள் அனுப்பிய பனங்கட்டியைத் தின்று முடித்த பிறகு தலைக்கிளிப் போட்டு வைத்திருந்த ஓலைக் குட்டானை. இதை எப்படிச் செய்வது என்று ஆசிரியை கேட்டாராம். மகளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அம்மம்மா திண்ணையிலிருந்து சார்வோலை வார்ந்து ஈர்க்கை ஒரு பக்கம் குவிக்கிற நேரத்தில், நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரியூசனுக்குப் போனவள்.

அம்மாவிடம் கேட்டேன். குளிர்காலத்தில் எங்களுக்கும் உங்களுக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம். இங்கே இரவு ஏழு மணிக்கு நான் அரிசி போட, அங்கே விடிய ஐந்தரைக்கு அம்மா விளக்கைப் போட்டு, வீடியோ அழைப்பில் போனுக்கு முன்னால் ஓலையோடு இருப்பார். இங்கே ஓலைக்கு எங்கே போவது? பலசரக்குக் கடை விளம்பரத் தாள்களை விரல் அகலத்துக்கு மடித்து வைத்துக்கொண்டோம். முதல் இரண்டு நாளும் ஒன்றும் சரிவரவில்லை. எதிரே இருந்து பார்த்தால் அம்மாவின் வலம் எங்களுக்கு இடமாகிறது. "கை தானாப் போகுது, வாயாலை சொல்லத் தெரியேல்லை" என்று அவருக்கும் கோபம். மூன்றாம் நாள் அண்ணன் மகன் நித்திரைக் கண்ணோடு எழும்பி வந்து, அம்மாவின் தோளுக்கு மேலாகப் போனைப் பிடித்தான். அதன் பிறகு அவர் கையும் எங்கள் கையும் ஒரே திசையில் போயின. அடி வந்தது. மூலையைத் திருப்பும் இடத்தில் மகள் மூன்று தரம் அவிழ்த்தாள். ஐந்தாம் நாள் ஒரு பெட்டி, கோழி இறைச்சி மலிவு விலைப் படத்தோடு, ஒரு பக்கம் சரிந்து நின்றது. அதற்குள் சொக்லேட் போட்டுச் சிநேகிதியின் பிறந்தநாளுக்குக் கொண்டுபோனாள். அந்தப் பிள்ளை பெட்டியை வைத்திருக்கிறதோ, எறிந்துவிட்டதோ தெரியாது. மகள் இப்போது அவிழ்க்காமல் மூலை திருப்புகிறாள்.

ஆகவே இந்த முறை வருவது: பழைய சேலையில் கையால் தைத்த பைகள், பிள்ளைகள் கீறிய அட்டைகள், வார்னிஷ் அடித்த உப்புக் கை. கொஞ்சம் சொக்லேட்டும் வரும், பயப்படாதீர்கள். தையல் கோணல் என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம்; அதில் பாதி காலை வேலைக்குப் போகும் பஸ்ஸில் தைத்தது.

உங்களிடம் கேட்பது இரண்டு. நாங்கள் வருவதற்கு முதல் கொஞ்சம் சார்வோலை வெட்டிக் காயவைத்து வையுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் கடதாசி அலுத்துவிட்டது. மற்றது மாமியிடம். மாமி, அந்தப் பெட்டி இன்னும் இருந்தால் மகளுக்குத் தாருங்கள். பொம்மையின் கை போன வருசமே கழன்றுவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பிள்ளை