நல்ல காரியம் என்ற பெயரில்

பூங்கா நிலத்தைச் சும்மா போட்டு வைப்பது வளரும் நகரத்துக்குக் கட்டுப்படியாகாது, ஒரு மூலையை எடுத்து மாநகராட்சி அலுவலகமோ வாகன நிறுத்தமோ கட்டினால் அதுவும் மக்களுக்குத்தானே என்ற வாதம் சென்னையில் திரும்பத் திரும்ப எழுகிறது. சொல்பவர்கள் நகர நிர்வாகம் அறிந்தவர்கள். அதனால்தான் தாட்சண்யம் பார்க்காமல் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த நகரத்தின் வரலாற்றை மறைத்தால் மட்டுமே நிற்கக்கூடிய வாதம் இது.

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு வெளியே வந்து சுற்றிப் பாருங்கள். ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் 1859-இல் முன்னெடுத்த பீப்பிள்ஸ் பார்க் அங்கேதான் பரந்து கிடந்தது. 116 ஏக்கர். குளங்கள், நடைபாதைகள், வாத்திய மேடை, சனங்கள் ‘உயிர் காலேஜ்’ என்று அழைத்த மிருகக்காட்சிசாலை எல்லாம் இருந்தன. 1880-களில் விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. 1900-இல் மூர் மார்க்கெட் வந்தது. 1913-இல் ரிப்பன் மாளிகை. அப்புறம் விளையாட்டரங்கம். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்துபோனபின் அந்த நிலமும் பூங்காவுக்குத் திரும்பவில்லை, ரயில்வேக்குப் போனது. கடையிழந்த வியாபாரிகளுக்கு அல்லிக்குளம் இருந்த இடத்தில் வளாகம் கட்டிக் கொடுத்தார்கள். மிருகக்காட்சிசாலை வண்டலூருக்கு மாறியது. பூங்கா என்று சொல்ல மிஞ்சியது மை லேடீஸ் பூங்கா என்கிற துண்டு நிலம்தான்.

இவற்றில் எது கெட்ட காரியம்? கூட்டம் போட மண்டபம் வேண்டியிருந்தது, மாநகராட்சிக்கு மாளிகை வேண்டியிருந்தது, எரிந்த கடைக்காரருக்குப் பிழைப்பு வேண்டியிருந்தது. கட்டியவர்கள் எவரும் பூங்காவை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் அல்ல. ஆளுக்கொரு மூலைதான் கேட்டார்கள். இன்று நீங்கள் கேட்பதும் அதையேதான். நகரம் இருக்கும்வரை நல்ல காரியத்துக்குப் பஞ்சம் வராது. ஆகவே நல்ல காரியம் என்பதைப் பூங்காவை எடுக்கப் போதுமான காரணமாக ஏற்றுக்கொண்டால், எந்தப் பூங்காவும் தப்பாது.

உச்ச நீதிமன்றம் இதே வாதத்தை 1991-லேயே கேட்டுவிட்டது. பெங்களூரு ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை, முதலமைச்சரின் உத்தரவின் பேரில், தனியார் மருத்துவமனை ஒன்றுக்குக் கொடுத்தார்கள். உயிர் காக்கிற மருத்துவமனையைவிட நல்ல காரியம் ஏது? ஆனாலும் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வழக்குப் போட்டவர்கள் அந்தப் பகுதியில் குடியிருந்தவர்கள். உங்களுக்கென்ன உரிமை என்று அவர்களிடமும் கேட்கப்பட்டது. உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஜனத்தொகை பெருகுகிறதே என்கிறீர்கள். பெருகுவதால்தான் பூங்கா வேண்டும். ஒன்றிய அரசின் நகரத் திட்ட வழிகாட்டுதலே தலைக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கிறது. வீட்டுக்கு வீடு பால்கனியும் கிளப் உறுப்பினர் அட்டையும் உள்ளவர்களுக்கு மாநகராட்சிப் பூங்கா இல்லாவிட்டாலும் காலம் ஓடும். ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டுப் பிள்ளை டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு எங்கே உட்கார்ந்து படிக்கும்? மருமகளுக்கு இடைஞ்சலாக இருக்கிறோமோ என்று சாயங்காலம் வெளியே கிளம்பும் பெரியவர் எங்கே போவார்?

யாரும் பயன்படுத்துவதில்லை என்பது இன்னொரு குற்றச்சாட்டு. கேட்டைப் பூட்டி, கழிப்பறையைப் பாழாக்கி, விளக்கைப் பழுதாகவே விட்டுவிட்டு, ஆள் வரவில்லை என்று கணக்குக் காட்டுவது அப்பட்டமான அநியாயம். பராமரிக்காதது நிர்வாகத்தின் குற்றம். அதற்குத் தண்டனையாக மக்களின் நிலத்தைப் பிடுங்குவீர்களா?

எடுத்தாலும் திருப்பித் தருவோம், மரம் வேறிடத்தில் நடுவோம் என்ற உறுதிமொழியும் கூடவே வருகிறது. ஷெனாய் நகர் மக்களைக் கேளுங்கள். மெட்ரோ வேலைக்காகத் திரு.வி.க. பூங்காவை மூடினார்கள், நிழல் தந்த மரங்கள் போயின. 2017-இல் ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் பூங்கா திறக்கவில்லை. மொத்தத்தில் பத்தாண்டுக்கும் மேலே காத்திருந்தார்கள். மண்ணுக்கடியில் ரயில் ஓட வேண்டியது தவிர்க்க முடியாதது என்று ஏற்கிறேன். அப்படிப்பட்ட வேலைக்கே இந்தத் தாமதம் என்றால், பூங்காவின்மேல் நிரந்தரமாக எழும்பும் கான்கிரீட் கட்டடத்தை யார் இடித்துத் திருப்பித் தரப் போகிறார்கள்?

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைப்பது, அரசு நிலம்தானே என்ற அலட்சியப் பேச்சு. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போட்டால் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கென்று தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பத்து சதவீதத்தின் விலையை மனை விற்பவர் தன் கையிலிருந்து போடுவதில்லை. மிச்ச மனைகளின் விலையில் ஏற்றி வாங்குகிறவர் தலையில் கட்டுகிறார். ஆயுள் முழுக்கத் தவணை கட்டுகிற குடும்பம், தன் வீட்டோடு சேர்த்து அந்தப் பூங்காவுக்கும் காசு கொடுத்திருக்கிறது. உள்ளாட்சி அதற்குக் காவல்காரர், உரிமையாளர் அல்ல. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1959-லேயே இந்த மாநிலம் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது.

அலுவலகம் வேண்டுமென்றால் பழைய அரசுக் கட்டடங்களை இடித்து உயர்த்திக் கட்டுங்கள். வாகன நிறுத்தம் வேண்டுமென்றால் வணிக வளாகம் கட்டுபவரிடம் விதிப்படி கறாராக வாங்குங்கள். பூங்காவில் கை வைக்காதீர்கள்.

வாசகர்களுக்கு ஒன்று. உங்கள் மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை எடுத்துப் பூங்கா இடம் எதுவென்று பாருங்கள், அதன் தானப் பத்திர நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். நிலப் பயன்பாட்டை மாற்றப் போவதாக நாளிதழில் அறிவிப்பு வந்தால், கெடு முடிவதற்குள் தெருவே சேர்ந்து எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள்.