அந்தப் பெண் ஏன் தடுக்கவில்லை?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நேற்று காலை நடைப்பயிற்சி முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். பேச்சு எப்படியோ அமெரிக்காவின் ஜார்ஜ் ஃபிளாய்ட் பக்கம் போனது. நண்பர் ஒருவர் கேட்டார்: "கண்ணு முன்னால ஒருத்தர் சாகுறாரு. அந்தப் பொண்ணு வீடியோ எடுத்துக்கிட்டு நிக்குது. ஏன் சார் தடுக்கல?"

அங்கே எனக்குப் பதில் வரவில்லை. வரலாற்று வாத்தியாருக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் வரும். அதை இங்கே எழுதுகிறேன்.

2020 மே 25, மினியாபொலிஸ் நகரம். கறுப்பினத்தவரான ஃபிளாய்டின் கழுத்தில் டெரெக் சாவின் என்ற வெள்ளைக்காரப் போலீஸ்காரர் 9 நிமிடத்துக்கு மேல் முழங்காலை வைத்து அழுத்தினார். காவல்துறை முதலில் விட்ட அறிக்கையில் என்ன இருந்தது தெரியுமா? கைவிலங்கு போட்டார்கள், அவருக்கு உடல்நலக் கோளாறு போலத் தெரிந்தது, ஆம்புலன்ஸை அழைத்தார்கள், மருத்துவமனையில் இறந்தார். அவ்வளவுதான். முழங்காலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அந்த அறிக்கையைப் பொய்யாக்கியது டார்னெல்லா ஃப்ரேசியரின் கைப்பேசி. கறுப்பினப் பெண், அப்போது வயது 17. ஒன்பது வயதுச் சொந்தக்காரச் சிறுமியோடு கடைக்கு வந்தவள். எதிரே நின்றது ஆயுதம் தாங்கிய நான்கு போலீஸ்காரர்கள். பணியில் இல்லாத ஒரு தீயணைப்பு வீராங்கனை உதவ வந்தும் அவரைக்கூட அருகே விடவில்லை. இந்தப் பிள்ளை எப்படித் தடுக்கும்?

நண்பர் கேட்ட கேள்வியை அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். இன்னும் ஏதாவது செய்திருக்கலாமே என்று இரவெல்லாம் தூங்காமல் ஃபிளாய்டிடம் மன்னிப்புக் கேட்டதாக நீதிமன்றத்தில் சொன்னாள். 2021இல் சாவினுக்கு இருபத்திரண்டரை ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. எந்தப் பத்திரிகையிலும் வேலை பார்க்காத அந்தப் பெண்ணுக்கு அதே ஆண்டில் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். 1955இல் சிகாகோவிலிருந்து மிசிசிப்பியில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போன எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் அடித்துச் சுட்டுக் கொன்று ஆற்றில் போட்டார்கள். அவன் தாய் மேமி டில் சவப்பெட்டியை மூட விடவில்லை. என் மகனுக்கு என்ன செய்தார்கள் என்பதை உலகம் பார்க்கட்டும் என்றார். சிதைந்த அந்த முகத்தின் படத்தை வெளியிட்டது கறுப்பினத்தவர் நடத்திய 'ஜெட்' இதழ். வெள்ளையர்களின் பெரிய பத்திரிகைகள் அதைத் தொடவில்லை. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி, ஒரு மணி நேரம் பேசிக் கொலைகாரர்களை விடுவித்தது. சில மாதங்களில் அவர்களே பணம் வாங்கிக்கொண்டு, கொன்றது நாங்கள்தான் என்று 'லுக்' பத்திரிகையில் கதை சொன்னார்கள். கொன்றவர்களின் கதைக்குப் பெரிய பத்திரிகையில் இடம் இருந்தது. கொல்லப்பட்டவனின் முகத்துக்கு இல்லை.

"நல்ல பத்திரிகையாளனுக்கு நிறம் எதற்கு? நடுநிலை போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. 1967 கலவரங்களை ஆராய அதிபர் ஜான்சன் அமைத்த கெர்னர் குழு, அடுத்த ஆண்டு தந்த அறிக்கையில் பத்திரிகைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியது. செய்திப் பிரிவுகளில் கறுப்பினத்தவர் 5 சதவீதம்கூட இல்லை, நாட்டை வெள்ளையரின் கண் வழியாகவே பார்க்கிறீர்கள் என்று இடித்துச் சொன்னது.

அரை நூற்றாண்டு கழிந்தும் நிலைமை முழுதாக மாறவில்லை. ஃபிளாய்டுக்காக மக்கள் தெருவில் நின்ற 2020 ஜூனில், 'பிலடெல்பியா இன்க்வைரர்' நாளிதழ் "கட்டடங்களும் முக்கியம்தான்" என்று பொருள்படத் தலைப்பு வைத்தது. கறுப்பின உயிர்களும் முக்கியம் என்ற முழக்கத்தையே திருப்பிப் போட்ட தலைப்பு. வெள்ளையரல்லாத செய்தியாளர்கள் பலர் வேலைக்கு வர மறுத்தார்கள். ஆசிரியர் பதவி விலகினார். அந்தத் தலைப்பை எழுதியவர் பொய் எழுதவில்லை. உயிருக்கு முன்னால் கட்டடம் அவர் கண்ணில் பட்டுவிட்டது. அதனால்தான் செய்தி மேசையில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உட்கார வேண்டும் என்கிறேன். அது யாருக்கும் போடும் பிச்சை அல்ல. செய்தி உண்மையாக இருக்க அதுதான் வழி.

என் பங்குக் குற்றமும் உண்டு. மார்ட்டின் லூதர் கிங்கை இரண்டு மதிப்பெண் கேள்வியாகவே நடத்தி முடித்தவன் நான். மேமி டில்லைப் பற்றி எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. அந்த அம்மாவும் பிற்காலத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர்தான்.

நாளை டீக்கடையில் நண்பரிடம் இதைச் சொல்வேன்: அந்தப் பெண் உயிரைக் காப்பாற்ற முடியாமல் போனாள், உண்மையைக் காப்பாற்றிவிட்டாள்.

நீங்களும் இனி "போலீஸ் தரப்பில் கூறியதாவது" என்று தொடங்கும் செய்தியைப் படிக்கும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். செத்தவர் தரப்பில் யாரையாவது கேட்டார்களா என்று பாருங்கள்.