சைபர் வாங்கும் உரிமை

டிசம்பர் 22-ஆம் தேதி வந்தால் நம் கல்லூரிகளில் ராமானுஜனுக்கு மாலை போடுகிறார்கள். 2012-ல் மத்திய அரசு அவர் பிறந்த நாளைத் தேசிய கணித தினம் என்று அறிவித்தது முதல் இந்த மாலை தவறுவதில்லை. சென்ற முறை சேலத்தில் ஒரு கல்லூரி விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பட்டப் படிப்பை எட்டிப் பிடிக்காமலே கல்லூரியை விட்டு இறங்கியவனுக்குக் கணிதத்தோடு என்ன உறவு இருக்குமோ அதுதான் எனக்கும் உண்டு. கதை எழுதுகிறவன் ஒருவன் மேடையில் இருந்தால் கூட்டம் கலையாது என்று யாரோ அவர்களுக்குத் தவறாகச் சொல்லியிருக்க வேண்டும்.

கூட்டத்தின் முடிவில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "பல்கலைக்கழக மாணவர்களுக்கென்று சர்வதேசக் கணிதப் போட்டி நடக்கிறதாமே, நாம் ஏன் அதற்குப் போவதில்லை?"

பிரதானப் பேச்சாளர் சிரித்தார். "கணிதம் என்ன குதிரைப் பந்தயமா அம்மா? ராமானுஜன் எந்தப் போட்டியில் ஜெயித்தார்? பரீட்சையிலேயே தோற்றவர் அவர். ஞானத்துக்கு மார்க்குப் போட முடியாது" என்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், நானும்தான் தட்டினேன்.

அன்று மாலை ஏற்காட்டுக்கு ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கைதட்டல் என் காதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசந்துகொண்டே வந்தது. அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் எங்கே? கேட்டவளை உட்கார வைத்தாரே ஒழிய, பதில் சொல்லவில்லையே மனிதர்!

ராமானுஜன் தோற்றது நம் மேடைகளுக்கு மிகவும் வசதியாகப் போய்விட்டது. கும்பகோணத்தில் உபகாரச் சம்பளத்தை இழந்தார், சென்னையில் எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றார் என்று சொல்லிவிட்டு, நேரே கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏற்றிவிடுகிறார்கள். நடுவில் என்ன நடந்தது என்பதைச் சொல்வதில்லை. நடந்தது இது. 1907-ல் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர் என்ற கணிதப் பித்தர் முயற்சியால் இந்தியக் கணிதக் கழகம் தோன்றியது. அதன் பத்திரிகையில் கேள்விப் பகுதி ஒன்று இருந்தது. யார் வேண்டுமானாலும் கேள்வி போடலாம். யார் வேண்டுமானாலும் விடை எழுதலாம். 1911-ல் வேலையில்லாமல் அலைந்துகொண்டிருந்த ராமானுஜன் அதில் ஒரு கேள்வி போட்டார். மூன்று இதழ்கள், ஆறு மாதம் காத்திருந்தார். பதில் வரவில்லை. கடைசியில் அவரே விடையை எழுதினார். பிற்பாடு அந்தப் பகுதிக்கு அவர் அனுப்பிய கேள்விகள் 50-க்கு மேல்.

இதற்கு என்ன பெயர்? நான் போட்டி என்கிறேன். பட்டம் உண்டா, எந்தக் கல்லூரி, அப்பாவுக்கு என்ன உத்தியோகம் என்று கேட்காமல், இதோ கணக்கு, முடிந்தால் போடு என்று சொல்கிற இடம் எதுவோ அதுதான் போட்டி. பரீட்சை ராமானுஜனை வெளியே தள்ளியது. போட்டி அவரை உள்ளே விட்டது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, பரீட்சையின் பாவத்தைப் போட்டியின் தலையில் கட்டுவது நியாயமா?

போட்டி மேல்நாட்டுச் சரக்கு என்றும் அன்று சொன்னார்கள். காரி நாயனாரின் 'கணக்கதிகார'த்தில், பூசணிக்காயை உடைக்காமல் உள்ளே எத்தனை விதை என்று சொல்லக் கணக்கு இருக்கிறது. அதை ஒருவன் தனியே அறையில் உட்கார்ந்து ரசிப்பதற்காகவா எழுதி வைத்தார்கள்? நாலு பேர் நடுவே, சொல் பார்க்கலாம் என்று மடக்குவதற்குத்தான்.

சர்வதேசப் போட்டி என்பது என்னவென்று கொஞ்சம் விசாரித்தேன். 1994-ல் பல்கேரியாவின் பிளாவ்டிவ் நகரத்தில் தொடங்கியது. இப்போது அதே நாட்டின் பிளாகோவ்கிராட் நகரத்தில் நடந்துவருகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் பொறுப்பேற்று நடத்துகிறது. இரண்டு நாள், நாளுக்கு ஐந்து கணக்கு, ஐந்து மணி நேரம். ஒரு கணக்குக்கு ஒரு மணி என்றால் நம் பரீட்சை மண்டபங்களில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்கு மூத்த போட்டி ஒன்று உண்டு, 1938 முதல் நடக்கும் புட்னம் போட்டி. பன்னிரண்டு கணக்கு, மொத்தம் 120 மதிப்பெண். ஆயிரக்கணக்கானவர் எழுதுகிறார்கள். வரிசையில் சரியாக நடுவில் நிற்கிற மாணவன் வாங்குவது பல ஆண்டுகளில் ஒன்றோ இரண்டோ. சில ஆண்டுகளில் சைபர். ஆம், 120-க்கு சைபர்! அடுத்த வருஷம் அவனே மறுபடி வந்து உட்காருகிறான். யாரும் அவன் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்புவதில்லை.

பல்கேரியா தூரம், பணம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2017-ல் ஆசிய பசிபிக் நாடுகளுக்கென்று தொடங்கிய சைமன் மரே போட்டியை மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தபடியே எழுதலாம். தனியாக முடியாதவன் இன்னொருவனைச் சேர்த்துக்கொண்டு ஜோடியாக எழுதலாம். நம் நாட்டிலேயே மாதவா கணிதப் போட்டி இருக்கிறது. சங்கமகிராமத்து மாதவரின் பெயரால், பி.எஸ்ஸி. மாணவர்களுக்காக, பெரும்பாலும் ஜனவரியில் நடக்கிறது. இந்தப் பெயரையாவது நம் மாவட்டத்துக் கல்லூரி அறிவிப்புப் பலகைகளில் கண்டவர்கள் எனக்கு எழுதட்டும், சந்தோஷமாகத் திருத்திக்கொள்கிறேன்.

ஏற்காட்டில் நண்பரின் காப்பித் தோட்டத்தில் தங்கியிருந்தேன். பழம் பறிக்கும் பருவம். சாயங்காலம் எடை போடுகிற இடத்தில் ஒரு வாலிபன் சீட்டு எழுதிக்கொண்டிருந்தான். தோட்டத்தில் வேலை செய்யும் மலைக் குடும்பத்துப் பிள்ளை. சேலத்தில் பி.எஸ்ஸி. கணிதம் மூன்றாம் வருஷம் படிக்கிறான். விடுமுறைக்கு மலை ஏறினால் இந்த வேலை. முதல் நாள் கேட்ட பிரசங்கம் நெஞ்சில் நின்றதால் ராமானுஜனின் அந்த 1911-ஆம் வருஷத்துக் கேள்வியைப் பற்றி அவனிடம் பேச்சுக் கொடுத்தேன். அவனுக்கு அது தெரிந்திருந்தது. ஒரு எடைச் சீட்டைத் திருப்பிப் போட்டு எனக்குப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டான்.

"மூணுங்கிறது ஒன்பதோட வர்க்கமூலமுங்க. ஒன்பதுன்னா ஒண்ணும் எட்டும். எட்டு, ஈர்நான்கு. அந்த நாலு, பதினாறோட வர்க்கமூலம். பதினாறு, ஒண்ணும் பதினைஞ்சும். பதினைஞ்சு, மூவைந்து. அந்த அஞ்சு, இருபத்தஞ்சோட மூலம். அது ஒண்ணும் இருபத்துநாலும். நாலாறு இருபத்துநாலு. இப்படியே மூலத்துக்குள்ள மூலமா உள்ள போய்க்கிட்டே இருக்கலாங்க. வெளியில பார்த்தா பயமா இருக்கும். விடை வெறும் மூணு."

அடடா என்றேன். இரண்டாம் வாய்ப்பாடு, மூன்றாம் வாய்ப்பாடு, நாலாம் வாய்ப்பாடு! நான் எட்டு வயதில் கத்திக் கத்திப் படித்ததுதானே இது! ஆனால் பையன் திருப்திப்படவில்லை. "முடிவில்லாம போறதுக்கும் விடை மூணுதான்னு சொல்லணும்னா இன்னொரு படி நிரூபிக்கணுங்க. அது பாதியில நிக்குது" என்றான்.

தன் விடை எந்த இடத்தில் நொண்டுகிறது என்று தெரிந்தவன் இவன். கல்லூரிப் பரீட்சையில் இவனுக்கு 96. போன ஐந்து வருஷத்துக் கேள்விகளில் எது வரும் எது வராது என்று குறித்துக் கொடுத்ததைப் படித்து வாங்கிய 96 என்று அவனே சொன்னான். மூன்று வருஷக் கணிதப் படிப்பில், முன்பின் பார்த்திராத ஒரு கணக்கைக்கூட அவன் முன்னே யாரும் வைத்ததில்லை. போட்டி பற்றித் துறையில் கேட்டிருக்கிறான். "முதல்ல அரியர் இல்லாம பாஸ் பண்ணு" என்றார்களாம். "எனக்கு அரியரே இல்லைங்க" என்றான், யாரையோ காட்டிக்கொடுக்கிறவன் போலக் குரலைத் தாழ்த்தி.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கேம்பிரிட்ஜில் டிரைபோஸ் பரீட்சையைக் குதிரைப் பந்தயமாகவே நடத்தினார்கள். முதலிடம் பெற்றவனுக்கு 'சீனியர் ராங்க்ளர்' என்று பட்டம். ரௌத் என்ற ஒரு பயிற்சி ஆசிரியர் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட முதலிடக்காரர்களைத் தயார் செய்து அனுப்பினார். 1899-ல் நம் பராஞ்சபே அந்த இடத்தைப் பிடித்தபோது இந்தியாவே கொண்டாடியது. ஆனால் இதனால் இங்கிலாந்தின் கணிதமே கெட்டது என்று சண்டை போட்டவர் யார் தெரியுமா? ராமானுஜனை அழைத்துக்கொண்ட அதே ஹார்டி. 1898-ல் அதில் நான்காவதாக வந்தவர். 1909-க்குப் பிறகு அந்த வரிசைப் பட்டியலையே நிறுத்திவிட்டார்கள். நமக்கு இந்தப் பாடத்துக்குக் கேம்பிரிட்ஜ்வரை போக வேண்டாம். சேலத்துக்குத் தெற்கே நாமக்கல் பக்கம் போனால் போதும். கோழிக்கும் பிள்ளைக்கும் ஒரே வகைப் பண்ணை. போட்டியை அந்தப் பண்ணைக்காரர்கள் கையில் கொடுத்தால், அடுத்த வருஷமே சுவரொட்டியில் சிரித்த முகங்கள் வந்துவிடும், கணிதம் செத்துவிடும். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் பேச்சாளர் அந்தப் பயத்தைச் சொல்லவில்லையே! அவர் சொன்னது ஞானம், மார்க்கு, குதிரை.

எல்லோருக்கும் போட்டி ஒத்துவராது என்பதும் மெய். சி. பி. ராமானுஜம் என்று நம் சென்னையில் பிறந்த இன்னொரு மேதை. 1957-ல் கணித ஆனர்ஸில் இரண்டாம் வகுப்புத்தான். லயோலா கல்லூரியில் ராசின் பாதிரியார் என்ற பிரெஞ்சுக்காரர் இருந்தார். மார்க்கைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தார். சிபாரிசு செய்து பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினார். நல்லது. இப்போது ஜில்லாவுக்கு எத்தனை ராசின் பாதிரியார்கள் இருக்கிறார்கள்? ஆளைப் பார்க்கும் ஆசிரியர் இல்லாத கல்லூரியில், ஒரு பையன் யார் என்பதை அந்தப் பத்துக் கணக்குகள்தான் சொல்ல வேண்டும். வேறு யார் சொல்வார்கள்?

இந்த மலையில் இரண்டு வகைக் குழந்தைகள் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் நாளிலிருந்து பெயர்பெற்ற உறைவிடப் பள்ளிகளுக்குப் பல ஊர்களிலிருந்து காரில் வந்து இறங்கும் குழந்தைகள் ஒரு வகை. காப்பிச் செடிக்கு நடுவே நடந்து பள்ளிக்கூடம் போகிற மலைக் கிராமத்துக் குழந்தைகள் இன்னொரு வகை. 'கணிதம் பந்தயமல்ல' என்று சொல்வதால் முதல் வகைக்கு நஷ்டமில்லை. அவர்களுக்கு வாசல் எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அந்த அழகான வாக்கியம் இரண்டாவது வகையின் முகத்தில்தான் கதவைச் சாத்துகிறது.

மாலைக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவழிக்கும் பணத்தில் நாலு மாணவர்களைப் பஸ் ஏற்றிப் போட்டிக்கு அனுப்பலாம். வாரம் ஒரு கணக்கைத் தாழ்வாரத்துக் கரும்பலகையில் எழுதி வைக்கக் காசே வேண்டாம். கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழில் படித்தவன் மிரளுவான் என்கிறார்கள். கணக்குக் கேட்பதற்கு வேண்டிய ஆங்கிலத்தை ஒரு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். மனமிருந்தால் தமிழிலேயே பெயர்த்துக் கொடுக்கலாம்.

அந்தப் பையனிடம் ஜனவரியில் போய் எழுதேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமையானால் தோட்டத்தில் யாரையாவது மாற்றிவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போட்டான். பிறகு கேட்டான்: "அங்க போய் சைபர் வாங்கினா காலேஜுக்குச் சொல்லிடுவாங்களா?"

அமெரிக்காவில் பாதிப் பேர் சைபரையும் ஒன்றையும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகும் கதையைச் சொன்னேன். அவன் நம்பவில்லை. கதை எழுதுகிறவர்தானே என்று நினைத்திருப்பான். விளக்கெரியும் நேரம் ஆகிவிட்டது. நான் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்த சீட்டைத் தயங்கித் தயங்கித் திருப்பிக் கேட்டான். அதன் மறுபக்கத்தில் யாரோ ஒரு அம்மாள் பறித்த 42 கிலோ பழத்தின் எடை இருந்தது. அதைக் காட்டினால்தான் அவளுக்குக் கூலி.