பார்க்கின்சன்: முதல் கணிப்பை மறுபடி பார்ப்போம்

விழிஞ்ஞத்தில் காலமெல்லாம் வலை இழுத்த ஒருவருக்கு ஒரு பக்கத் தோள் இறுகினால், அவர் முதலில் போவது எலும்பு மருத்துவரிடம்தான். உழைத்த தோள் வலிக்கத்தான் செய்யும் என்று வீட்டாரும் சொல்வார்கள். நடக்கும்போது அந்தக் கை வீசுவதில்லை, பொத்தான் போட நேரமாகிறது, மீன் வாடையே தெரிவதில்லை என்பதெல்லாம் நாம் கேட்டால்தான் வெளியே வரும். பார்க்கின்சன் நோய் பலருக்கு இப்படித்தான் தொடங்குகிறது.

கேட்டறிந்த பிறகும் நம் கணிப்பு எவ்வளவு சரி? அரிசோனாவில் இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்து ஆட்லர் குழுவினர் 2014-இல் வெளியிட்ட முடிவு நம்மை உலுக்க வேண்டும். மருந்துக்கு நல்ல பலன் தெரிந்தும் நோய் தொடங்கி 5 ஆண்டு ஆகாத 15 பேரில் 8 பேருக்கே நோய் உறுதியானது. மருந்து தொடங்காத, அல்லது பலன் தெளிவாகத் தெரியாத 34 பேரில் 9 பேருக்குத்தான். 5 ஆண்டு கடந்து, பலனும் தெரிந்த 82 பேரில் 72 பேருக்குக் கணிப்பு சரியாக இருந்தது. இவை சிறிய எண்ணிக்கைகள்தாம். ஆனால் 2016-இல் வந்த ரிஸ்ஸோ குழுவின் தொகுப்பாய்விலும் அசைவுக் கோளாறு வல்லுநர்களின் முதல் கணிப்பு 79.6 சதவீதமே சரி; தொடர்ந்து பார்த்த பிறகு 83.9.

காலம் கற்றுத்தருவதற்கு முன்பே, நோயாளியின் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தால் சில பிழைகளைத் தவிர்க்கலாம். தலைசுற்றலுக்குத் தரும் சின்னாரிசின், ஃப்ளூனாரிசின், வயிற்று உப்புசத்துக்கான கூட்டு மாத்திரைகளில் ஒளிந்திருக்கும் லெவோசல்பிரைடு ஆகியவை பார்க்கின்சனைப் போன்ற இறுக்கத்தையும் நடுக்கத்தையும் உண்டாக்கும். நிறுத்திய பிறகும் அது விலக மாதங்கள் ஆகலாம். இதைக் கவனிக்காமல் லெவோடோபா எழுதுவது வருத்தத்துக்குரிய தவறு.

கேரளத்தில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஆயுர்வேதத்தில் நடுக்கத்துக்குத் தரப்படும் பூனைக்காலி விதையில் லெவோடோபாவே இருக்கிறது. அந்தப் பொடியைச் சாப்பிட்டுவிட்டு வருபவரிடம் அறிகுறிகள் மங்கலாகத் தெரியலாம்.

முதுகுத்தண்டு நீரில் பிறழ்ந்து மடிந்த ஆல்பா-சைனுக்ளீன் புரதத்தைக் கண்டறியும் சோதனை, 2023-இல் வெளியான 1,123 பேர் ஆய்வில் 87.7 சதவீத நோயாளிகளை இனங்கண்டது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் கடலோரச் சுகாதார மையத்துக்கு அது இன்னும் எட்டவில்லை.

கணிப்பை 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது பிரிட்டனின் நைஸ் வழிகாட்டி. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தில் அசைவுக் கோளாறுகளுக்கெனத் தனிப் பிரிவே உள்ளது. அங்கே அனுப்பும் கடிதத்தில் ‘ஐயம்’ என்று தயங்காமல் எழுதலாம். எந்தப் பக்கம் முதலில் தொடங்கியது, என்னென்ன மருந்து, எந்தத் தேதியிலிருந்து என்பவையும் அதில் இடம்பெற வேண்டும்.