நமது குடும்பப் பக்கம்: ஏட்டில் ஏறாத ஆண்டுகள்

சென்ற மாதக் கூட்டம் முடிந்து அன்பர்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், மூணாற்றுப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்திருந்த அம்மையார் ஒருவர் தயங்கித் தயங்கி நம்மிடம் ஒரு செய்தி கூறினார். கணவர் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. அம்மையாரோ லயத்து வீட்டின் முன்னறையில் தையல் இயந்திரம் ஒன்றை வைத்துப் பதினோராண்டுகளாகத் தைத்து வருகிறார். அக்கம்பக்கத்துப் பெண்களின் ரவிக்கைகளும் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளும் பெரும்பாலும் அவர் கைபட்டவையே. மோட்டார் பொருத்திய இயந்திரம் வாங்க எண்ணி வங்கியொன்றில் கடன் கேட்டிருக்கிறார். "தாங்கள் இத்தொழில் செய்து வருவதற்கு என்ன அத்தாட்சி?" என்று அங்கே மரியாதையாகவே கேட்டனர். அம்மையாரிடம் மறுமொழி இல்லை.

"பதினொரு வருஷம் தைத்தேன், ஐயா. நான் தையற்காரி என்று சொல்ல ஒரு காகிதங்கூடவா இல்லாமற் போயிற்று?" என்று அவர் கேட்டது இன்னும் நம் காதில் ஒலிக்கிறது.

இஃது அவர் ஒருவருடைய குறையன்று. போடி, கம்பம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கங்களிலிருந்து "மலையாளம் போன" நம் குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றின் கதை இதுவேயெனலாம். தோட்டத்திற்குக் கூலிக்கு வந்தவரின் பெயரைத் தோட்டத்துப் பேரேடு எழுதிக்கொண்டது. ஆனால் தோட்டத்தை விட்டுத் தேநீர்க்கடை வைத்தவர், முறுக்குச் சுட்டு விற்பவர், தச்சர், தையற்காரர் ஆகியோரின் பெயரை யார் எழுதுவார்? தமக்குத் தாமே முதலாளியானவர் தம் பெயரைத் தாமே எழுதிக்கொள்ளவேண்டும். அதை நாம் மறந்துவிட்டோம்.

1956 நவம்பர் 1 வரையில் பாலக்காடும் பொள்ளாச்சியும் ஒரே சென்னை மாநிலத்தில் இருந்தன. அதன்பின் நடுவே எல்லைக்கோடு விழுந்தது. கோடு விழுந்தாலும் உரிமை போகவில்லை. இந்தியக் குடிமகன் நாட்டின் எப்பகுதியிலும் குடியேறலாம், விரும்பிய தொழிலை நடத்தலாம் என்று அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு கூறுகிறது. வாளையாற்றையோ போடிமெட்டையோ குமுளியையோ கடக்க நமக்கு எவரது அனுமதிச் சீட்டும் வேண்டியதில்லை. எனினும் தொழிலுக்குரிய லைசென்சும், நலநிதியும், வரியும் மாநிலத்திற்கு மாநிலம் வேறு. அந்தப் பக்கத்துக் காகிதம் இந்தப் பக்கத்தில் செல்லும் என்று நம்பி இருந்துவிடுவதே நம்மவர் செய்யும் முதற்பிழை.

மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர்க்கென 1979இல் ஒரு மத்தியச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அது ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்க்கே உரியதாக இருந்தது. தாமே வந்து தாமே தொழில் தொடங்கியவரை அது கணக்கில் கொள்ளவேயில்லை. அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டம் எதுவாயினும், சொந்தத் தொழில் செய்பவரைத் தேடிவந்து பெயர் எழுதிக்கொள்வார் எவருமிலர். ஆகவே செய்யவேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறோம்.

முதலாவது, இ-ஷ்ரம் பதிவு. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கியது. அமைப்புசாராத் தொழில் செய்யும் 16 முதல் 59 வயது வரையுள்ளோர் இதில் சேரலாம். சொந்தத் தொழில் செய்வோரும் இதில் அடங்குவர். ஆதாரைக் கொண்டு பதிந்தால் 12 இலக்க எண் கிடைக்கும். இந்த எண் நாடு முழுவதும் ஒன்றே. ஊரில் இருந்தபோதே பெற்றவர் மீண்டும் பதியவேண்டா; முகவரியை மட்டும் திருத்திக்கொள்க.

இரண்டாவது, உத்யம் பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடப்பது. தையல், தச்சு முதலிய தொழில்களுக்கும், 2021 முதல் சில்லறைக் கடைகளுக்கும் இது பொருந்தும். ஆதாரும் பான் எண்ணும் இருந்தாற் போதும். பான் எண் இல்லாத மிகச் சிறு தொழிலாளர்க்கென 2023இல் உத்யம் அசிஸ்ட் என்ற வழியும் திறக்கப்பட்டது. வங்கி முதலிய நிறுவனங்கள் வாயிலாக அதனைப் பெறலாம். வங்கிகள் கேட்கும் அத்தாட்சி பெரும்பாலும் இதுவே. இதற்கு அரசு காசு ஏதும் வாங்குவதில்லை. விண்ணப்பத்தை நிரப்பித்தரும் அட்சயா மையத்திற்குரிய சிறு சேவைக் கட்டணம் வேறு. "சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன்" என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் தரகர் வேறு. பின்னவரை வாசலிலேயே நிறுத்திவிடுக. ஒரு தொழிலுக்கு ஒரு பதிவுதான் உண்டு. கோவையில் பதிந்துவிட்டு இங்கு வந்தவர், இரண்டாவது எண் தேடாமல் பழைய பதிவில் முகவரியை மாற்றிக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது, பஞ்சாயத்து லைசென்ஸ். இங்குதான் நம்மவர் கால் சிக்குகிறது. கடையிருக்கும் கட்டடத்திற்குப் பஞ்சாயத்து எண் இருக்கவேண்டும்; வாடகைக்கு இருப்பவர் உரிமையாளரின் இசைவைக் காட்டவேண்டும். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் வாடகை அறை பிடிப்பவருக்கு இது பெரிதன்று. ஒப்பந்தத்தை வாய்ப்பேச்சாக விடாமல் தாளில் எழுதி வாங்கிக்கொண்டாற் போதும். லயத்து வீட்டில் இருப்போர்க்கோ கட்டடம் கம்பெனியுடையது. தொழில் தொடங்குமுன்னரே தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தாற் கேட்டுக்கொள்வது நன்று. முறுக்கு, இட்லி, ஊறுகாய் விற்போர் உணவுப் பாதுகாப்புப் பதிவையும் மறக்கலாகாது.

நான்காவது, நலநிதி. தையல் தொழிலாளர்க்கெனக் கேரளத்தில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனி நலநிதி வாரியம் உண்டு. வேறு பல தொழில்களுக்கும் அவ்வாறே வாரியங்கள் உள்ளன. ஓய்வூதியம் போன்ற நன்மைகள், உறுப்பினராகிச் சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்தவை. எத்தனை ஆண்டு தைத்தோம் என்று அங்கே எண்ணுவாரில்லை. எத்தனை ஆண்டு சந்தா கட்டினோம் என்றே எண்ணுவர். தமிழ்நாட்டு வாரிய அட்டை தமிழ்நாட்டுக்கே உரியது.

எல்லையோரத்தார்க்கு மட்டுமே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. 2017 ஜூலை 1 முதல் வந்த சரக்கு சேவை வரியில், சரக்கு விற்பவர்க்கு ஆண்டு விற்பனை 40 இலட்சம் ரூபாயையும், சேவை செய்வோர்க்கு வரவு 20 இலட்சத்தையும் தாண்டும்வரை பொதுவாகப் பதிவு வேண்டுவதில்லை. "நமக்கேது நாற்பது இலட்சம்?" என்று நாம் சிரித்துவிடலாம். ஆயின் வரிக்குரிய சரக்கை ஒரு மாநிலத்திலிருந்து மறுமாநிலத்திற்கு அனுப்பி விற்றால் இவ்வரம்பு உதவாது. சிறு தொகையாயினும் பதிவு கேட்கப்படலாம். கோவிந்தாபுரத்தில் செய்த பொருளைப் பொள்ளாச்சிக் கடைகளுக்குப் போடுவோர் இதனைக் கணக்கரிடம் கேட்டுத் தெளிக. புதிய காய்கறி, கறந்த பால் போன்ற வரியில்லாப் பொருள்களை மட்டுமே விற்பார்க்கு இத்தொல்லை இல்லை. எல்லை கடந்து போய்க் கூலிக்குத் தைத்தோ பழுதுபார்த்தோ கொடுப்போர்க்கும், வரவு 20 இலட்சத்திற்கு உட்பட்டிருக்கும்வரை அச்சமில்லை.

"படிவமெல்லாம் மலையாளத்தில் இருக்கிறதே!" என்பார் உளர். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர்க்கு ஓர் உரிமை அளித்திருக்கிறது. சிறுபான்மை மொழிப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம். மறுமொழியும் தமிழிலேயே வரவேண்டும். உரிமை இருக்கிறது, கேட்பவர்தாம் குறைவு. கேளுங்கள், பணிவோடு கேளுங்கள். அதேபோது நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள் அல்லவா? அவர்களை அருகில் அமர்த்திப் படிவத்தைப் படிக்கச் செய்யுங்கள். வீட்டுத் தொழில் என்னவென்று அவர்களும் அறிந்துகொள்வர்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. ஏட்டில் ஏறாத சுரைக்காய் சந்தைக்கு உதவாது என்பதையும் இக்காலத்தில் அதனோடு சேர்த்துக்கொள்ளவேண்டியிருக்கிறது.

அந்த அம்மையார் இம்மாதம் உத்யம் எண் பெற்றுவிட்டார்; தையல் நலநிதிக்கும் விண்ணப்பித்திருக்கிறார். தோட்ட நிர்வாகத்தின் இசைவுக் கடிதத்திற்காகப் பஞ்சாயத்து லைசென்ஸ் காத்திருக்கிறது. கடன் கிடைக்கும் என்று நம்புகிறோம். ஆனால் கழிந்த பதினோராண்டுச் சந்தாக் காலத்தை எந்த அலுவலகமும் அவருக்குத் திருப்பித்தர இயலாது.

இதனைப் படிக்கும் அன்பர் இல்லத்திலும் அடுக்களையிலோ திண்ணையிலோ ஒரு தொழில் நடந்துகொண்டிருக்கும். அது எந்த ஏட்டிலேனும் ஏறியிருக்கிறதா என்று இன்றிரவு உணவுக்குப் பின் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இல்லையெனில், ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்திற்கு வாருங்கள். உடனிருந்து எழுதித்தர நாம் காத்திருக்கிறோம்.