தனியாகப் போகிறவர்களின் மலை

அண்மையில் ஓர் இலக்கியச் சந்திப்பில், பயணக் கட்டுரைகள் பல எழுதிய நண்பர் ஒருவர், குடும்பத்தோடு மலைக்குப் போகிறவர்களின் கண்ணில் மலை படுவதேயில்லை என்றார். அவர்கள் பார்ப்பது விடுதி அறையையும் உணவுப் பட்டியலையும்தானாம். அரங்கில் சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. வீடு திரும்பும் பேருந்தில்தான், எதற்காகச் சிரித்தேன் என்ற கேள்வி உறுத்தத் தொடங்கியது.

நண்பரின் கூற்று அவருடைய சொந்த அபிப்பிராயம் மட்டுமாக இருந்தால் விட்டுவிடலாம். அது நம் சிற்றிதழ்ச் சூழலின் பொது நம்பிக்கை. நம் பயணக் கட்டுரைகளை வரிசையாக வைத்துப் படித்துப் பாருங்கள். தோள்பையோடு ஓர் ஆண் விடியலில் புறப்படுகிறார். மூடுபனி, மௌனம், தரிசனம். அவர் வீட்டில் அன்று பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பியவர் யார், முதிய தாய்க்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவர் யார் என்ற செய்தி அக்கட்டுரைகளில் வருவதில்லை. ஞானத்திற்கு இடையூறான விவரங்கள் என்று அவை நீக்கப்பட்டுவிடுகின்றன.

எனக்கு வயது நாற்பத்தாறு. இதுவரை ஒருமுறைகூட நான் தனியாக மலைக்குப் போனதில்லை. விருப்பமில்லாததால் அல்ல. தனியாக வந்து நிற்கும் பெண்ணிடம் விடுதி வரவேற்பறையில் கேட்கப்படும் கேள்விகளை நினைத்து, ஆளற்ற பாதையில் பின்னால் கேட்கும் காலடியோசையை நினைத்துப் போகாமல் இருந்தேன். என்னைப் போன்ற பெரும்பாலான பெண்களுக்குக் குடும்பச் சுற்றுலா ஒன்றே மலையின் வாசல். அந்த வாசலைப் பார்த்துச் சிரிப்பது, அதன் வழியாக வந்தவர்களுக்கு மலையில் உரிமையில்லை என்று சொல்வதற்குச் சமம் என்பது என் துணிபு.

சென்ற ஆண்டு கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடந்தோம். கணவர், பதினான்கு வயது மகள், ஒன்பது வயது மகன், எழுபதைக் கடந்த என் மாமியார், நான். சுற்றுப்பாதை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். பழகியவர்கள் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். எங்களுக்கு நான்கு மணி நேரம் ஆயிற்று. அத்தைக்கு முழங்கால் வலி. பெஞ்சு கண்ட இடமெல்லாம் உட்கார்ந்தோம். மகனுக்குச் சோளக்கதிர், பிறகு வேர்க்கடலை, பிறகு குதிரை. கொண்டுபோன புளியோதரைப் பொட்டலங்களை ஒரு மரத்தடியில் பிரித்தோம்.

அந்த ஏரி நட்சத்திரம்போல் கைகள் நீண்ட வடிவம் கொண்டது. கரையில் எங்கு நின்றாலும் முழு ஏரியும் தெரியாது. ஒரு வளைவில் கணவரும் மகனும் எதிர்க்கரையில் தோன்றிக் கையசைத்தார்கள். கூப்பிட்டால் கேட்கும் தொலைவு. ஆனால் நடந்து சேர அரைமணி ஆகும். இந்த வடிவத்தை வரைபடத்தில் முன்பே பார்த்திருக்கிறேன். என் வீட்டார் சிதறி நடந்தபோதுதான் அது கால்களுக்குப் புரிந்தது.

இரண்டாவது பெஞ்சில் அத்தை கேட்டார்: "ஏம்மா, கலுங்கு எங்க இருக்கு?"

அவர் சிவகங்கைச் சீமையின் கண்மாய்க்கரையில் பிறந்தவர். "கரை போட்டு நிறுத்துன தண்ணிக்குக் கலுங்கு இல்லாம இருக்காதே" என்றார். நான் திகைத்துப் போனேன். அது இயற்கையான ஏரி அல்ல. மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் என்பவர் 1863இல் ஓடைகளை மறித்து உண்டாக்கியது. அதன் மிகுநீர்தான் மலைப்பாதையோரம் வெள்ளி அருவியாக விழுகிறது. அன்று காலையில் பேருந்திலிருந்து அந்த அருவியைப் பார்த்து வந்திருந்தோம். படித்தறிந்த செய்தியை ஒரு மூதாட்டி பார்த்த மாத்திரத்தில் ஊகித்துவிட்டார். கொடைக்கானலைப் பற்றி நான் படித்த பயணக் கட்டுரைகளில், தீண்டப்படாத இயற்கை என்று மெய்சிலிர்த்தவர்கள் உண்டு. கலுங்கைத் தேடியவர் எவருமில்லை.

தமிழ் மரபு என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு, மலைபடுகடாத்தை எடுத்துக்கொள்கிறேன். பத்துப்பாட்டில் 583 அடிகள் கொண்ட இந்நூல், நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்களுக்கு வழிகாட்டுவது. மலைவழியின் இடர்களை இத்தனை நுட்பமாகச் சொல்லும் நூல் நம்மிடம் வேறில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்பு ஒடுங்கும் குழிகள், பாசி வழுக்கும் இடத்தில் எதைப் பற்றிக்கொண்டு போவது என எல்லாம் வருகின்றன. இத்தனை அறிவுரையும் யாருக்கு? தனியனுக்கு அல்ல. இசைக்கருவிகளைச் சுமந்து, விறலியரும் சுற்றமும் சூழப் போகும் ஒரு கூட்டத்திற்கு. தமிழின் தலைசிறந்த மலைவழிக் கையேடு ஒரு குடும்பத்திற்காக எழுதப்பட்டது.

அகப்பாடல்களையும் பாருங்கள். அங்கே மலை வருணனை பெரும்பாலும் ஒருவர் மற்றொருவரிடம் சொல்லும் கூற்றுக்குள்தான் வருகிறது. தோழி தலைவனிடம், தலைவி தோழியிடம், செவிலி நற்றாயிடம். குறிஞ்சி நிலம் உறவுக்குள் நின்று பேசப்பட்ட நிலம்.

சித்தர்களும் துறவிகளும் தனியே போகவில்லையா என்று கேட்கலாம். போனார்கள். வீட்டைத் துறந்துவிட்டுப் போனார்கள். நம் பயண எழுத்தாளர் ஞாயிறு மாலை வீடு திரும்பி, சூடாக இரண்டு இட்லி கேட்கிறார். இரண்டும் ஒன்றல்ல.

நான் சுற்றுலாத் தொழிலுக்கு வக்காலத்து வாங்கவில்லை. நெரிசல் உண்மை, குப்பை உண்மை. சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டு, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாக்கப்படும் அளவுக்கு நிலைமை முற்றியது. ஆனால் அந்தப் பழியைக் குடும்பங்கள் மீது மட்டும் சுமத்துவது எளிய வழி. ஒரே நாளில் பத்து இடங்களைக் காரில் பார்த்துவிடும் அவசரம்தான் நோய். தனியாகப் போகிறவருக்கும் அந்த அவசரம் இருக்கலாம். மெதுவாக நடக்கிற குடும்பத்திற்கு அது இல்லை.

அந்த மலையின் காயத்தையும் மறந்துவிடக் கூடாது. இந்துஸ்தான் யூனிலீவரின் வெப்பமானித் தொழிற்சாலை பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு ஏற்பட 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பதினைந்து ஆண்டுகளும் அம்மலையின் வீடுகளுக்குள் கழிந்தவை. மலையில் குடும்பங்கள் வாழ்கின்றன, உழைக்கின்றன, நோயுறுகின்றன. குடும்பமே கண்ணில் படாத தரிசனத்தில் இவர்களும் படமாட்டார்கள்.

கடைசி ஒரு கிலோமீட்டரில் மகள் எங்களை விட்டு முன்னால் போனாள். காதில் பாட்டுக் கருவி இல்லை, கையில் கைபேசி இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தன் போக்கில் நடந்தாள். நூறடி பின்னால் நாங்கள் நால்வரும் வந்தோம். நெருங்கிப் போய்ப் பேச்சுக் கொடுக்க நினைத்த என்னை அத்தை கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தப் பெண்ணுக்கு அன்று வாய்த்த தனிமை, நாங்கள் பின்னால் வந்ததால் வாய்த்தது. ஆணுக்குத் தெருவே தருகிற ஒன்றை அவளுக்கு ஒரு குடும்பம் கூடித் தரவேண்டியிருக்கிறது. இதில் வருந்தவும் இடமுண்டு. நகைக்க எதுவுமில்லை.

நண்பருக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் இனியும் தனியாகவே போங்கள், நன்றாக எழுதுகிறீர்கள். அடுத்த கட்டுரையில், நீங்கள் மலையில் இருந்த நாட்களில் வீட்டில் இருந்தவர் யார் என்பதை மட்டும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். முடிந்தால், அவரை ஒருமுறை ஏரியைச் சுற்ற அழைத்துப் போங்கள். கலுங்கு எங்கே என்று அவர் கேட்கக்கூடும்.