பெயருக்கு எத்தனை பெட்டி?

எங்கள் ஊர்ச் சனத்தின் பெயரை இரண்டு பெட்டிக்குள் அடைப்பதுதான் என் தொழிலில் பாதி. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கொப்பி எடுப்பதில் முந்திப்போல வருமானம் இல்லை. ஒன்லைன் படிவம் நிரப்பிக் கொடுப்பதில்தான் கடை ஓடுகிறது. எந்தப் படிவத்தைத் திறந்தாலும் ‘முதற்பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு பெட்டி நிற்கும்.

கந்தையாவின் மகன் சிவகுமார் எதை எதற்குள் போடுவார்? ‘கந்தையா சிவகுமார்’ என்று தகப்பன் பெயரை முன்னுக்கு வைத்து எழுதிப் பழகியவர், முதற்பெயர் என்ற இடத்தில் கந்தையாவைத்தான் போடுவார். அதற்குப் பிறகு வருகிற குறுஞ்செய்தியெல்லாம் ‘அன்புள்ள கந்தையா’ என்று தொடங்கும். கந்தையா மோசம் போய் இருபது வருசம். சரி, படிவம் கேட்கிறபடியே நிரப்பினால் கந்தையா குடும்பப் பெயராகிவிடுகிறார். சிவகுமாரின் பிள்ளைகளுக்குச் சிவகுமார் குடும்பப் பெயர். மனைவிக்குத் தகப்பன் பெயரா புருசன் பெயரா என்பது அவ கடவுச்சீட்டு எடுத்த காலத்தைப் பொறுத்தது. ஒரே உலையில் சோறு தின்கிற வீட்டில் இரண்டு மூன்று குடும்பப் பெயர். கனடாவுக்கு விசா போடும்போது இவர்கள் ஒரு குடும்பம்தான் என்று காட்டப் பிறப்புச் சான்றிதழ், மொழிபெயர்ப்பு, சத்தியக்கடதாசி என்று அலைய வேண்டும். ‘முழுப்பெயர்’ என்று ஒரு நீளப் பெட்டி வைத்திருந்தால் இதில் முக்கால்வாசிச் சிக்கல் வந்திருக்காது.

அடையாள அட்டை இலக்கம் இன்னொரு கூத்து. பழைய அட்டையில் ஒன்பது இலக்கம், கடைசியில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’. 2016 இலிருந்து பன்னிரண்டு இலக்கம், எழுத்தே கிடையாது. இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆனால் ஒன்றைத்தான் ஏற்பேன் என்று அடம்பிடிக்கிற படிவங்கள் இன்னும் உண்டு. அதைவிட வேடிக்கை இது: 1952 ஜனவரி 10 ஆம் திகதி பிறந்த பெண்ணின் பழைய இலக்கம் 52510 என்று தொடங்கும். 52 பிறந்த வருசம். அடுத்த மூன்றும் வருசத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். ஆகவே இலக்கத்தை அடித்த உடனேயே பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். இருந்தும் அடுத்த பெட்டி பிறந்த திகதியைக் கேட்கும். அதற்கடுத்தது பாலினம். திகதிக்கு ஒரு நாட்காட்டி விரியும். அதில் மாதம் மாதமாகத்தான் பின்னுக்குப் போகலாம். எழுபது வருசம் பின்னுக்குப் போக 840 தட்டு. இந்தக் கணக்கை ஓர் ஆச்சிக்கு விளங்கப்படுத்தினேன். “அப்ப நான் எப்ப பிறந்தனான் எண்டு அவனுக்கு முதலே தெரியும். பிறகென்னத்துக்குத் தம்பி என்னட்டைக் கேக்கிறான்?” என்றா. மறுமொழி என்னிடம் இல்லை.

பக்கம் தமிழில் இருக்கும்; பிழைச்செய்தி மட்டும் ஆங்கிலத்தில் சிவப்பாக வரும். “உந்தச் சிவப்பு என்ன சொல்லுது?” என்பதுதான் என் கடையில் அதிகம் கேட்கிற கேள்வி. ஒருமுறை மட்டும் செல்லுகிற கடவு எண்ணான ஓரிபியும் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துப் போகும்; தமிழில் எழுதினால் 70. அந்த எழுபதிலும் புள்ளி, அரவு, கொம்பு எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் ஏறும். ‘யாழ்ப்பாணம்’ நமக்கு ஆறு எழுத்து, தொலைபேசிக்குப் பதினொன்று. தமிழில் அனுப்புகிறவருக்கு இரட்டைச் செலவு. அந்த ஓரிபியும் அநேகமாகக் கொழும்பில் வேலை செய்கிற பேரனின் போனுக்குத்தான் போகும். அவனைக் கூப்பிட்டு, அவன் எடுத்துச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிடும். கடைசியில் “நீயே எழுதி வைச்சிரு ராசா” என்று கடவுச்சொல்லை என்னிடமே தந்துவிட்டுப் போகிறார்கள். பாதுகாப்பு, பாதுகாப்பு என்று கட்டிய பூட்டின் சாவி, ஒரு கடைக்காரனின் சீ.ஆர். கொப்பியில் கிடக்கிறது. படிவத்தைச் செய்தவர்களுக்கு இது தெரியுமோ தெரியாது. அவர்களின் கணக்கில் எல்லாரும் வெற்றிகரமாகப் பதிந்துவிட்டார்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2022 ஜூலையில், எரிபொருள் தட்டுப்பாட்டுக்குள், எரிபொருள் பாஸ் வந்தபோது, இது எங்கள் ஊரில் சரிவராது என்றுதான் நினைத்தேன். வாகன இலக்கம், செசி நம்பர், அடையாள அட்டை எல்லாம் கொடுத்துப் பதிகிற வேலை சிக்கலாகத்தான் இருந்தது. ஆனால் ஒருமுறை பதிந்தால் போதுமாக இருந்தது. வந்த கியூஆர் குறியைக் கடதாசியில் அடித்து, லமினேட் பண்ணி, மோட்டார்சைக்கிள் திறப்போடு கோத்துக் கொடுத்தோம். ஸ்மார்ட் போன் வைத்திருக்க வேண்டியவர் எரிபொருள் நிலையத்தில் நிற்கிற பொடியன். பெற்றோலுக்கு வந்த கமக்காரன் அட்டையை நீட்டினால் சரி. கடினமான பங்கை அமைப்பு தன் தலையில் ஏற்றிக்கொண்டது. அந்தக் காலத்து வரிசைகளை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது, அது வேறு கதை. ஆனால் அந்த அட்டையில் நான் குறை காணவில்லை.

சனத்துக்கு ஏற்ற மாதிரிப் பொறியை வளைக்கிற இந்தப் புத்தி எங்களுக்குப் புதிதும் அல்ல. சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் எழுத்தராக இருந்த ஆர். முத்தையா, ஆங்கில எழுத்துக்கென்று செய்த தட்டச்சுப் பொறிக்குள் 247 தமிழ் எழுத்தைக் கொண்டுவர வழி பார்த்தவர். புள்ளியையும் விசிறியையும் அடிக்கும்போது தாள் நகராமல் நின்று, அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்தும்படி ‘நகரா விசை’யை வகுத்து, ஜெர்மனியில் தமிழ்த் தட்டச்சுப் பொறி செய்வித்தார். தமிழ் எழுத்தைக் குறை, பொறிக்கு ஏற்ற மாதிரி எழுது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது இந்தியாவின் நிதியுதவியோடு டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் நடக்கிறது. அதன் பெயர்ப் பெட்டியை வரைகிறவர், சனம் ஓய்வூதியம் எடுக்கிற நாளொன்றில் சுன்னாகத்துக்கு வந்து என் கடை வாங்கில் இருக்கட்டும். தேத்தண்ணி என் செலவு. குடும்பப் பெயர் இல்லாதவருக்கு அந்தப் பெட்டியை வெறுமையாக விடலாமா, தகப்பன் பெயரைத் தகப்பன் பெயராகவே பதியலாமா, போன் இல்லாதவர் அட்டையை மட்டும் காட்டினால் போதுமா? இந்த மூன்றுக்கும் அட்டை அச்சாவதற்கு முதல் பதில் வேண்டும். அச்சான பிறகு திருத்துவதென்றால் சனம் திரும்பவும் என் கடைக்குத்தான் வரும், கையில் சத்தியக்கடதாசியோடு.